சன்னல் பாறை வெளிச்சம் விழுந்த இடம்

நவம்பர் 16

கம்பெனி எங்கள் இடுகாட்டைத் திருடிவிட்டது. திருட்டு நடந்தது இன்று காலை பதினொன்றரைக்கு, மேனேஜர் அறையில், டீயும் பிஸ்கட்டும் வைத்து.

எனக்கு நாற்காலி போட்டார்கள். நான்கு தலைமுறையாக இந்தத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறோம். எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து போய் அந்த அறையில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மேனேஜர் நந்தகுமார் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். எங்கள் சன்னல் பாறை. கிழக்கே மலை முகட்டில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பாறையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை துளைத்துக்கொண்டு போகும் ஓட்டை. கீழேயிருந்து பார்த்தால் கட்டைவிரல் நகம் அளவுக்கு வானம் தெரியும். குளிர்காலக் காலைகளில் சூரியன் அதற்குப் பின்னால் வரும்போது, மலை நிழலில் கிடக்கும் எங்கள் சரிவில் ஒரு வட்ட வெளிச்சம் விழும். நாளுக்குப் பதினைந்து இருபதடி தள்ளித் தள்ளி விழும் அது, கார்த்திகையில் ஒரு நாளும் தையில் ஒரு நாளும் இடுகாட்டின் நடுவுக்கு வரும். மூன்று நிமிடம் நிற்கும். அவ்வளவுதான். இத்தனை வருஷமாக விழுகிறது, பார்க்கத்தான் எங்களில் யாருக்கும் லீவு கிடையாது. ஏழரைக்கு மஸ்டர் வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டால் அப்புறம் கொழுந்தைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாது.

"நீ பி.எஸ்சி. பிசிக்ஸ்தானே இசக்கி?"

"ஆமா சார்."

"பத்தொன்பதாம் தேதி வெளிச்சம் சரியா எங்க விழுதுன்னு பார்த்து நாலு ஆப்பு அடிச்சுக் குடுக்கணும். ஜனவரி இருபத்து மூணுக்கு அதே இடத்துல கண்ணாடி மேடை ரெடியா இருக்கணும். அறுபதடிக்கு அறுபதடி. பழைய பங்களாவ ரிசார்ட் ஆக்கறோம்ல, அந்த கெஸ்ட்டுங்களுக்கு. ஸ்கை விண்டோன்னு பேரு வெச்சிருக்கு."

"அது எங்க இடுகாடு சார்."

அவர் கோபப்படவில்லை. வரைபடத்தை விரித்தார். "நாலாம் நம்பர் பீல்டு. கைவிடப்பட்ட தேயிலை. இடுகாடுன்னு எங்கப்பா போட்டிருக்கு? ஒரு கல்லறை காட்டு. ஒரு சிலுவை, ஒரு சூலம், ஏதாவது?"

எப்படிக் காட்டுவது? தாத்தா காலத்திலேயே கம்பெனி சிமென்ட் வைக்கக்கூடாது என்று தடுத்துவிட்டது. அதனால் எங்கள் ஆட்கள் பிணத்தைப் புதைத்துத் தலைமாட்டில் ஒரு தேயிலைச் செடி நடுவார்கள். அதைக் கவாத்து வெட்டமாட்டார்கள். தவறாமல் வெட்டுவதால்தான் தோட்டத்துச் செடி இடுப்பளவில் நிற்கிறது. விட்டுவிட்டால் அது மரம். வெள்ளையாகப் பூக்கும். அங்கே நூற்றுக்கு மேல் மரங்கள் நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் உண்டு. கல் வைக்க விடாதவன் இப்போது கல் எங்கே என்கிறான்.

"முழு இடமும் வேண்டாம் தம்பி. அறுபதடி. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். உனக்குக் கைடு வேலை. பெர்மனென்ட்."

அம்மாவுக்கு மார்ச்சில் ரிட்டயர்மென்ட். வீட்டில் வேறு யாருடைய பேராவது கம்பெனி புத்தகத்தில் இல்லையென்றால், அன்றே லைன் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு மலை இறங்க வேண்டும். எங்கே இறங்குவது? கீழே எங்களுக்கு ஊர் என்று எதுவும் இல்லை.

யோசிக்கிறேன் என்றேன். பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 17

அம்மா, "மாட்டேன்னு சொன்னியா?" என்றாள்.

"யோசிக்கேன்னு சொன்னேன்."

"அப்ப சரின்னு சொல்லிட்ட."

நவம்பர் 18

மழை. அட்டை கடித்த இடம் அரிக்கிறது. ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு நான்கு ஆப்பு, ஒரு சம்மட்டி, ஒரு அளவு நாடா வாங்கினேன்.

நவம்பர் 19

மேனேஜர் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. ஒரே மூடுபனி. "அட்டை இருக்காப்பா?" என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டார். இருக்கும் என்றேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். எட்டு மணிக்கு யாரோ போனில் கூப்பிட, கிளம்பிப் போய்விட்டார்.

எட்டே காலுக்குப் பனி விலகியது. எட்டு இருபத்தாறுக்கு வெளிச்சம் வந்தது.

முதலில் ஓடைப் பக்கம் விழுந்தது. பிறகு மேலே ஏறியது. நிதானமாக நடக்கும் ஆளைப் போல வந்தது, ஆனால் சத்தமில்லை. சுற்றிலும் எல்லாம் நீலமாக இருக்க, அது விழுந்த இடம் மட்டும் பச்சையாக எரிந்தது. அப்பாவின் செடியில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு இலையும் தனியாகத் தெரிந்தது. மருந்து அடிக்கும் டேங்க்கை முதுகில் சுமந்தே நுரையீரல் அழுகிச் செத்தவர். நான்கு வருஷமாகிறது. செடி என் நெஞ்சு வரை வளர்ந்திருக்கிறது.

அப்பா பக்கத்து மண் சரியில்லை. அடியில் பாறை, ஆப்பு இறங்காது. வடக்கே கொஞ்சம் தள்ளி மண் இளக்கமாக இருந்தது. அங்கே அடித்தேன். மேடைக்கு நல்ல அஸ்திவாரம் வேண்டும் அல்லவா. பனியில் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும்.

ஆப்புகளுக்கு நடுவில் ஆறு செடிகள் இருந்தன. யாருடையவை என்று நான் பார்க்கவில்லை.

நவம்பர் 22

பக்கத்து வீட்டு சேர்மக்கனி அக்கா வந்தாள். கொழுந்துக் கூடையைக்கூட இறக்கவில்லை.

"ஏ இசக்கி, எங்க அபிதா மேல ஆப்பு அடிச்சிருக்கானுவடே."

அபிதா அக்காவின் ஒரே மகள். ஒன்பது வயது. காய்ச்சலுக்குக் கம்பெனி டிஸ்பென்சரியில் மூன்று நாள் ஒரே மாத்திரையைக் கொடுத்தார்கள். நாலாவது நாள் ஜீப் கேட்டபோது ஜீப் சர்வீஸுக்குப் போயிருந்தது. ஜீப்பில் மேனேஜரின் நாயை ஊசி போடக் கொண்டுபோனதை எல்லோரும் பார்த்தார்கள். புதைக்கும்போது அக்கா அவளுடைய ரோஸ் கலர் வாட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பக்கத்தில் வைத்தாள். "பள்ளிக்கூடம் தூரம்லா" என்றாள். அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எவன்டே அளந்தது?"

கம்பெனி அளந்தது என்றேன். நாடா கம்பெனியுடையதுதானே.

"நீ படிச்ச புள்ள. நல்லா நறுக்குன்னு ஒரு மனு எழுதுடே. படிச்சவன் நெஞ்சுல குத்தணும்."

நவம்பர் 23

மனு எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது. 'உயிரோடு இருந்தவரை எங்களுக்கு இடம் தராதவர்கள், செத்த பிறகு கிடைத்த ஆறடியிலும் நாற்காலி போடுகிறார்கள்' என்ற வரியைப் படித்தபோது லைனில் நான்கு பேர் அழுதார்கள். அக்கா என் தலையைத் தடவினாள். எண்பத்தேழு கையெழுத்து, அதில் ஐம்பத்திரண்டு ரேகை.

டிசம்பர் 1

வேலை உத்தரவு வந்தது. அம்மா அதைப் படிக்காமல் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

லைனில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. எல்லோர் வீட்டிலும் ரிட்டயர்மென்ட் வரும், எல்லோருக்கும் தெரியும். அக்கா மட்டும், "உள்ள இருந்துக்கிட்டு நமக்கு வெவரம் சொல்லுவ, நல்லதுதான்" என்றாள்.

டிசம்பர் 6

தாலுகா ஆபீஸ். நானும் அக்காவும் அக்காவின் புருஷன் சந்தனமாரி அண்ணனும் போனோம். நான்கு மணி நேரம் நின்றோம். பெஞ்ச் இருந்தது, அதில் பைல்கள் உட்கார்ந்திருந்தன.

கிளார்க் புத்தகத்தைப் புரட்டினார். "சாவு பதிவுல அடக்கம் செஞ்ச இடம்னு ஒரு கட்டம் இருக்கு. உங்க எஸ்டேட் ஆளுங்க எல்லாருக்கும் காலியாவே இருக்கே. அப்ப புதைச்சீங்களா, எரிச்சீங்களா, வீட்லயே வெச்சிருக்கீங்களா?"

"எம் மவளத்தான் சார் புதைச்சிருக்கோம்" என்றாள் அக்கா.

"எங்கன்னு பேப்பர் இருக்கா?"

அந்தப் புத்தகத்தை நிரப்பி அனுப்புவது கம்பெனி ஆபீஸ். ஐம்பது வருஷமாக அந்த ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பாமல் அனுப்பியிருக்கிறார்கள். இதற்குப் பேர் மறதி இல்லை.

யூனியன் தலைவர் டீக்கடையில் பிடிபட்டார். "மேடை ஒரு ஓரமாத்தான வருது? ஆறு குடும்பம்தான. மொத்த எடத்தையும் எடுத்திருந்தா நாம சும்மா விட்டிருப்பமா?" என்றார். அவரைப் போல ஈனமான மனிதனை நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 11

இன்று ஜே.சி.பி. வந்தது.

லைன் சனம் மொத்தமும் வேலைக்குப் போகாமல் வந்து நின்றது. இரண்டு போலீஸ்காரர்கள் குறுக்கே நின்றார்கள். ஒருவர் சிறு வயசு, எங்களைப் பார்க்காமல் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கழுத்தில் ரிசார்ட் அட்டை. அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

தேயிலை மரத்துக்கு வேர் ஆழம். சுலபத்தில் வராது. முதல் மரத்தை இழுத்தபோது ஜே.சி.பி.யின் பின்சக்கரம் தூக்கிக்கொண்டது. "கம்பெனிக்காரன் வண்டிய எங்க மாமன் புடிச்சு இழுக்காரு" என்று யாரோ சொல்ல, ஒரு நொடி எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம் மரம் வந்தது.

நான்காவது, அபிதாவின் செடி. இளஞ்செடி, ஒரே இழுப்பில் வந்துவிட்டது. வாளி இரண்டாவது முறை மண்ணை அள்ளிக் கொட்டியபோது ரோஸ் கலர் பாட்டில் உருண்டு வந்தது. மூடி மூடியபடியே இருந்தது. உள்ளே பாதிக்குத் தண்ணீர்.

அக்கா கத்துவாள் என்று நினைத்தோம். கத்தவில்லை. போலீஸ்காரரைத் தாண்டிப் போய் எடுத்தாள். சேலைத் தலைப்பால் மண்ணைத் துடைத்தாள். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"குடிக்கவே இல்ல பாரு" என்றாள்.

டிசம்பர் 12

எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 20

ஒரு போட்டோகிராபரைச் சன்னல் பாறைக்குக் கூட்டிப்போனேன். கைடாக முதல் வேலை. மூன்று மணி நேர ஏற்றம். கடைசி அரை மணி புல்லைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும்.

கீழேயிருந்து நகம் அளவு தெரிவது மேலே போனால் ஒரு லாரி நுழையும் அகலம். சுவர் இரண்டு ஆள் உயரம், நுனியில் கத்தி போல மெலிந்திருக்கிறது. காற்று நிற்பதே இல்லை. பேசினால் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு அந்தப் பக்கம் கொண்டுபோய்விடுகிறது.

"யாரு குடைஞ்சாங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல சார். பாறைல மெலிசா ஒரு வெடிப்பு இருக்கும். மழைத்தண்ணி எறங்கும், காத்து அரிக்கும். ரெண்டு பக்கமும் அரிச்சு அரிச்சு நடுவுல ஒண்ணையொண்ணு பாத்துக்கும்."

"எவ்வளவு வருஷம் ஆகும்?"

"கம்பெனிக்கு முன்னால சார்."

அவர் சிரித்தார். நான் துளைக்குள் நின்று கீழே பார்த்தேன். பச்சைக்கு நடுவில் சிவப்பாக ஒரு சதுரம், புண்ணைப் போல. அதற்குத் தெற்கே நூறடியில் அப்பாவின் செடி, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எங்கே என்று தெரியும். மேலேயிருந்து பார்த்தால் இரண்டும் ரொம்பப் பக்கம்.

ஜனவரி 9

மேனேஜர் நேரம் கேட்டார். கார்த்திகையில் எட்டு இருபத்தாறு என்றால் தையில் எட்டு ஐம்பத்திரண்டு. கடிகாரமும் சூரியனும் ஒன்றாக ஓடுவதில்லை, கணக்குப் போட்டால் வந்துவிடும். போட்டுக் கொடுத்தேன். "ஜீனியஸ்ப்பா நீ" என்றார்.

நல்ல சமயம் என்று கேட்டேன். "சார், நிகழ்ச்சிய ஜனவரி பதினேழுக்கு மாத்திக்கலாமா? அன்னிக்கு இன்னும் தெளிவா இருக்கும்."

"கார்டு அடிச்சாச்சு தம்பி. கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போயாச்சு. இருபத்து மூணுதான்."

கேட்டது வெறும் யோசனைதான். வானிலை காரணமாக.

ஜனவரி 17

காணும் பொங்கல். லைன் மொத்தமும் கீழே டவுனுக்குப் போய்விட்டது. காலையில் நான் மட்டும் மேடைக்குப் போனேன். ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வெளிச்சம் மேடை மேல் விழுந்தது. நான்கு மூலைக்கும் மிகச் சரியாக விழுந்தது. நாற்காலிகள் இன்னும் வந்திருக்கவில்லை.

ஜனவரி 20

அம்மா அப்பாவின் செடியைப் பார்த்துவிட்டு வந்தாள். "பூத்திருக்கு" என்றாள். சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உங்கப்பா எப்படியோ தப்பிச்சிட்டாரு என்ன?" என்றாள்.

ரசம் நன்றாக இருந்தது.

ஜனவரி 23

இன்று லைன் பெண்களுக்கு ஒரே கலரில் சேலை கொடுத்து, ஆளுக்கொரு பூத்தட்டும் கொடுத்து, மேடைக்குக் கீழே வரிசையாக நிற்க வைத்தார்கள். வராவிட்டால் ஆப்சென்ட். "சூரியனுக்கும் மஸ்டர் போட்டுட்டாம்பா கம்பெனிக்காரன்" என்றார் சந்தனமாரி அண்ணன். அக்காவும் வந்திருந்தாள். புதுச் சேலை கட்டவில்லை, பழைய சேலைதான்.

மேனேஜர் மைக் பிடித்தார். "வெளிச்சம் விழும் நேரத்தையும் இடத்தையும் நமக்கு அளந்து சொன்னது யாரு தெரியுமா? தொழிலாளி வீட்டுப் பிள்ளை. இதே லைன்ல பிறந்தவரு. நவம்பர் மாசக் குளிர்ல தனியா நின்னு, தன் கையாலயே ஆப்பு அடிச்சவரு. இசக்கிராஜா! மேல வாப்பா!"

கெஸ்டுகள் கைதட்டினார்கள். பூத்தட்டுகள் அசையவில்லை.

எட்டு ஐம்பத்திரண்டு. வெளிச்சம் ஒரு நிமிடம்கூடத் தப்பவில்லை. ஓடையில் இறங்கியது, சரிவில் ஏறியது, மேடையைப் பக்கவாட்டில் விட்டுவிட்டு நேராகப் போனது. அப்பாவின் மேல் போய் நின்றது. செடி முழுக்க வெள்ளைப் பூ.

"அங்க! அங்க விழுது!" என்று ஒருவர் கத்தினார். நாற்காலிகள் சரிந்தன. இருபது முப்பது பேர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், மரங்களுக்கு நடுவே, புதைத்த ஒவ்வொருவர் மேலும் மிதித்துக்கொண்டு. ஒரு தடித்த ஆள் செடியில் சாய்ந்து படமெடுத்தார். செடி அடியோடு முறிந்தது. "அச்சச்சோ" என்று சொல்லிவிட்டு இன்னொரு படம் எடுத்தார்.

நான் மேடையில் நின்றேன். லைன் சனம் வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. செடியைப் பார்த்தது, மேடையைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய் முறிந்த செடியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஜனவரி 24

மேனேஜர் திட்டவில்லை. "கணக்குல நூறடி தப்பிடுச்சு, விடு. எல்லாருக்கும் நடக்கறதுதான். கெஸ்டுங்களுக்கு ஓடிப்போய்ப் பார்த்ததே பிடிச்சிருக்கு" என்றார். அடுத்த கார்த்திகைக்குள் இன்னொரு மேடை. இந்த முறை அவரே நின்று அளப்பார். "உங்கப்பா அங்க இருக்காராமே? சாரிப்பா. முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

கம்பெனி கொலைகாரக் கம்பெனி. அதை நான் எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

ஜனவரி 25

ஏழரை, மஸ்டர். எனக்கு மஸ்டர் கிடையாது, ரிசார்ட் ஜீப்புக்காக பீல்டு ஆபீசருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் பேர் வாசித்தார். ஒவ்வொருவராக "இருக்கேன்" என்றார்கள்.

"சேர்மக்கனி."

அக்கா வரிசையிலிருந்து வெளியே வந்தாள். கையில் ரோஸ் கலர் பாட்டில். என் முன்னால் வந்து நின்றாள்.

"நேரத்த நிமிஷம் தப்பாமச் சொன்ன. எட்டு அம்பத்திரெண்டு. சொன்ன மாதிரியே வந்துச்சு. நேரம் தப்பாதவனுக்கு எடம் மட்டும் எப்படிடே தப்பும்?"

"அப்பா பக்கம் அடியில பாறைக்கா. ஆப்பு எறங்கல."

"உங்கப்பனுக்குக் குழி வெட்டுனது எம் புருஷன். மண்ணு அள்ளிப் போட்டது நானு. ஆறடி. எந்தப் பாறைடே தட்டுச்சு?"

அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தாள். கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

"சேர்மக்கனி, பேரு கூப்ட்டாச்சு. வரிசைக்குப் போ" என்றார் ஆபீசர்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். கார்த்திகைல நீ தனியா நின்னியே அன்னிக்கு, வெளிச்சம் யார் மேல விழுந்துச்சு? இத்தன பேரு முன்னால ஒரு பேரு சொல்லு. உங்கப்பன் பேரா, எம் மவ பேரா? சொல்லுடே."